ஸ்டார் சொன்னா ஓட்டு விழுமா?

தேர்தல் வந்தால் போதும், நம்ம ஆட்களின் சனிக்கிழமை சாப்பாட்டில் இந்த வாக்குவாதம் நிச்சயம் உண்டு. "தலைவர் ஒரு வார்த்தை சொன்னா ஆட்சியே மாறிடும்" என்பார் ஒருவர். "அதெல்லாம் சும்மா, ஜனங்க வெவரமானவங்க" என்பார் அடுத்தவர். இரண்டு பேரிடமும் ஆதாரம் இருக்கிறது, அதுதான் வேடிக்கை.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடுகிறேன். எம்ஜிஆர், விஜயகாந்த், 2024-ல் விஜய் என்று சொந்தக் கட்சி தொடங்கியவர்கள் கதை வேறு. தான் நிற்காமல் "இன்னாருக்குப் போடுங்க" என்று சொல்கிற பிரபலங்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

முதல் ஆளின் ஆதாரம் 1996. ஜெயலலிதா மறுபடி வந்தால் ஆண்டவனாலும் தமிழ்நாட்டைக் காப்பாற்ற முடியாது என்றார் ரஜினி. அதிமுக 4 இடத்தில் சுருண்டது, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். இரண்டாம் ஆளின் ஆதாரம் 2004. 'பாபா' படத் தகராறில் பாமக மேல் கோபமாக இருந்த ரஜினி, அந்தக் கட்சி நின்ற 6 தொகுதிகளிலும் எதிர்த்து வேலை செய்யும்படி ரசிகர்களிடம் சொன்னார். தருமபுரி உள்பட ஆறிலும் பாமக ஜெயித்தது!

அதே ரஜினி, அதே ரசிகர்கள். எட்டு வருஷத்தில் மவுசு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வருஷமே 'சந்திரமுகி' என்ன ஓட்டம் ஓடியது என்று உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் வித்தியாசம் ரஜினியிடம் இல்லை, வாக்காளரிடம் இருந்தது. 1996-ல் காங்கிரஸ் மேலிடம் ஜெயலலிதாவோடு கூட்டணி என்றதும் மூப்பனார் தமாகாவைத் தொடங்கிவிட்டார். தலைமுறையாகக் கைச்சின்னத்தில் குத்திய குடும்பங்கள் திகைத்து நின்றன. கை ஜெயலலிதா பக்கம், மூப்பனாரோ திமுக பக்கம், சின்னமோ சைக்கிள். திமுக கூட்டணிக்குப் போடுவதென்றால் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு நாக்கில் வேப்பங்காய். அவர்களுக்கு யாராவது "பரவாயில்லை, போடுங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. 'அண்ணாமலை' படத்தில் ரஜினி சைக்கிளில் வருகிற படத்தைப் போட்டே ஓட்டுக் கேட்டார்கள். 2004-ல் அப்படி ஒரு குழப்பம் இல்லை. பாமக ஓட்டு பாமகவுக்கு, கூட்டணி ஓட்டு கூட்டணிக்கு. ரசிகனும் வீட்டுக்குப் போனால் ஒரு சாதிக்காரன், ஒரு கட்சிக்காரன்தானே.

பக்கத்து மாநிலத்திலும் கதை இதுதான். எனக்கு ஊர் கொளத்தூர் பக்கம். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ் பாலாறு செக்போஸ்டைத் தாண்டினால் கர்நாடகா (முன்பு மைசூர் மாவட்டம், 1997-ல் பிரித்த பிறகு சாமராஜநகர்). பாலாறு என்றதும் உங்களில் பலருக்கு 1993 கண்ணிவெடிதான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது ஸ்டார்கள் மாறுகிற இடம். இந்தப் பக்கம் ரஜினி, அந்தப் பக்கம் ராஜ்குமார்.

அங்கே 2019-ல் மண்டியா. மறைந்த அம்பரீஷின் மனைவி சுமலதா சுயேச்சையாக நின்றார். எதிரே முதல்வர் குமாரசாமியின் மகன் நிகில். தொகுதிக்குள் இருந்த 8 சட்டமன்ற இடங்களும் ஜனதா தளம் கையில். யஷ்ஷும் தர்ஷனும் வெயிலில் ஊர் ஊராகச் சுற்றினார்கள். சுமலதா ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் பாஜக அங்கே ஆளே நிறுத்தாமல் அவரை ஆதரித்தது. காங்கிரஸ் தொண்டனுக்கோ காலமெல்லாம் சண்டை போட்ட தளத்துக்கே போடு என்று மேலிட உத்தரவு. மறுபடியும் அதே திகைப்பு, பாருங்கள்.

2023-ல் நம்ம 'நான் ஈ' சுதீப் முதல்வர் பொம்மைக்காகப் பிரசாரம் செய்தார். வாக்குப்பதிவுக்கு ஐந்தே நாள் முன்பு, மே 5-ல், 'தி கேரளா ஸ்டோரி' வெளியானது. அன்றைக்கே பல்லாரி கூட்டத்தில் பிரதமர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். முடிவு? காங்கிரஸ் 135, பாஜக 66. பல்லாரி மாவட்டத்தின் 5 இடமும் காங்கிரஸுக்கு. பாஜகவின் ஓட்டு விகிதம் 2018 போலவே ஏறக்குறைய 36 சதவீதத்தில் நின்றது. ஏற்கெனவே போடுகிறவர் போட்டார், அவ்வளவுதான்.

பாலாற்றுக்கு அப்புறம் கோபிநத்தம் பக்கம் எனக்கு ஒரு மாமா உண்டு. பேசுவது தமிழ், ஓட்டு கர்நாடகாவில். அப்போது போனில், "சுதீப் சொல்லியிருக்காரே, நீங்க யாருக்கு மாமா?" என்று கேட்டேன். "யாரு, அந்த ஈ படத்துல வர்ற வில்லனா? ஆனை வந்து ராகிய மேஞ்சுட்டுப் போனா நஷ்டஈடு எழுத அவனா வருவான் மாப்ள?" என்றார் :) அவர்களின் ஹனூர் தொகுதி காங்கிரஸ் அலைக்கும் மசியவில்லை, தளத்துக்குப் போனது.

படங்கள் வேறு மாதிரி வேலை செய்கின்றன. 'பராசக்தி' வந்தது 1952-ல், திமுக ஆட்சிக்கு வந்தது 1967-ல். நடுவில் பதினைந்து வருஷம். எதைப் பேசலாம், எதைக் கேட்டுக் கைதட்டலாம் என்பதைப் படம் மெதுவாக மாற்றுகிறது. ஐந்து நாளில் ஓட்டை மாற்றும் என்று நான் நம்பவில்லை. 2019-ல் மோடி பற்றிய படத்தைத் தேர்தல் ஆணையம் நிறுத்தி வைத்தது. முடிவு வந்த மறுநாள்தான் அது வெளியானது. படம் ஓடாமலே 303 இடம்.

அமெரிக்காவில் ஓப்ரா 2008-ல் ஒபாமாவுக்குச் சுமார் 10 லட்சம் ஓட்டு சேர்த்தார் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கவனியுங்கள், அது உள்கட்சித் தேர்தல். ஹிலாரி, ஒபாமா இருவரும் ஒரே கட்சி, பழக்கத்தில் குத்த வழியில்லை. 2024-ல் டெய்லர் ஸ்விஃப்ட் சொன்னதும் ஒரே நாளில் 4 லட்சம் பேர் வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். நவம்பரில் ஜெயித்தது டிரம்ப்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நாமும் வாட்ஸப்பில் குட்டி சுதீப்கள்தான். பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றாலும் நேரில் போய்த்தான் ஓட்டுப் போட முடியும், முக்கால்வாசிப் பேர் போவதில்லை. ஆனால் ஊரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு மட்டும் வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறோம். பெரும்பாலும் அவர்கள் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வழக்கமான சின்னத்தில் குத்திவிட்டு வருவார்கள்.

ஆனால் சின்னமே குழம்பிப் போனால்? என் அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரட்டை இலை. 2016-ல் ஜெயலலிதா போனார். அடுத்த வருஷம் சின்னத்தையே முடக்கி, பிறகு கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலுக்கும் அம்மா போனில் கேட்கிறாள், "இப்ப எதுக்குப் போடறது கண்ணு?" நான் என்ன சொன்னாலும் அப்படியே போய்க் குத்திவிடுவாள். ரேஷன் கடை வரிசையில் நான் நின்று பதினாறு வருஷம் ஆகிறது. அதனால், "பக்கத்து வீட்டு அக்கா என்ன சொல்றாங்க, நம்ம வார்டுக்கு எந்தக் கட்சிக்காரன் வந்துட்டுப் போனான்?" என்று திருப்பிக் கேட்கிறேன். அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.