சுமைகூலி முக்கால் பணம்

2019இல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை கடையாய் ஏறி இறங்கிச் சேர்த்த கேமிங் கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 2600, பி450 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம். ஒழுங்காய்த்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆசைப்பட்டு கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன், சனி பிடித்தது. இப்போது கார்டு பாதி நேரம் சும்மா கிடக்கிறது, ப்ராசஸர் மூச்சு வாங்குகிறது. கேமில் மார்க்கெட் தெருவுக்குள் நுழைந்தால் போதும், படம் திக்கித் திக்கி நகரும்.

ப்ராசஸரை மட்டும் மாற்றினால் தீர்ந்தது என்று கடைக்குப் போனேன். "இதே போர்டுல 5800எக்ஸ்3டி உக்காரும் சார். பயாஸ் மட்டும் அப்டேட் பண்ணிக்கங்க" என்றார் கடைக்காரர். உண்மைதான். 2016இல் வந்த ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2022இல் வந்த சிப் அது. 96 எம்பி எல்3 கேஷ், கேமுக்கு அமிர்தம். "குடுங்க" என்றேன். "ஸ்டாக் இல்ல சார்."

இல்லாததை ஏனய்யா சொன்னீர்?

"பேசாம ஏஎம்5க்குப் போயிடுங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் கவலையில்ல." அந்த சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான் வேலை செய்யும். என் ரேமை அதில் அழுத்தினாலும் இறங்காது, நடுவிலிருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கிறது. ஆக ப்ராசஸரோடு போர்டு, போர்டோடு ரேம். ரேமையோ 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் அள்ளிக்கொண்டு போகின்றன. "காலைல ஒரு ரேட்டு, சாயங்காலம் ஒரு ரேட்டு சார்" என்று அவரே நொந்துகொண்டார். போர்டை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸும் தகராறு பண்ணும். பழசில் எதுதான் உதவும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "கூலர் பொருந்தும் சார்" என்றார்.

சரி, பழைய போர்டிலேயே உட்காரும் 5600 சிப்பையாவது வாங்கலாமா? அதுவும் ஆறு கோர், இதுவும் ஆறு கோர். வேகம் கூடும், ஆனால் செத்துக்கொண்டிருக்கிற சாக்கெட்டில் இன்னும் காசைப் போடவா என்று மனசு அடித்துக்கொள்கிறது. பயாஸ் ஏறும்போது கரண்ட் போனால் போர்டும் போச்சு. எங்கள் தெருவில் கரண்ட் கேட்டுக்கொண்டா போகிறது?

போகட்டும், பழசுக்கே புதுப் பேஸ்ட் தடவுவோம் என்று கூலரைக் கழற்றினேன். காய்ந்த பேஸ்ட் பிடித்த பிடியில் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்தது. அடியில் 1331 பின், அதில் மூன்று சாய்ந்திருந்தன. மைக்ரோடிப் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, வெற்று முனையில் ஒவ்வொன்றாய்க் கோத்து நிமிர்த்தி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது.

குலதெய்வ புண்ணியத்தில் கம்ப்யூட்டர் ஆன் ஆனது. வேகம் அதே வேகம்தான். இப்போதெல்லாம் கேமில் நான் மார்க்கெட் தெருப் பக்கமே போவதில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு ஆற்றோரமாய்ப் போகிறேன்.