கடற்கரை உலா

அரிய பேறுகளைப் பெற்ற நாளில் மகிழ்தல் எல்லார்க்கும் இயல்பு. தேர்வில் வெற்றி, தொழிலில் உயர்வு, புதுமனை, பெரும்பரிசு ஆகியவை கிடைத்தபோது மகிழாதார் இலர். ஆயினும், அத்தகைய நாள்கள் ஒருவர் வாழ்வில் மிகச் சில. ஏனைய நாள்கள் எல்லாம் எழுதல், உண்ணல், உழைத்தல், உறங்கல் என்னும் ஒரே ஒழுங்கில் கழிகின்றன. அச்சில நாள்களையே நம்பி மகிழ்ச்சியைத் தேடுவோர், வாழ்நாளின் பெரும்பகுதியை மகிழ்ச்சியின்றியே கழித்துவிடுவர். ஆதலின், நாள்தோறும் எளிதாகக் கிடைப்பவற்றில் மகிழக் கற்றலே அறிவுடைமை. அக்கல்விக்குப் பெருஞ்செல்வம் வேண்டா. பெரிய நூல்களும் வேண்டா. உலவுவதற்கு ஒரு கடற்கரையும், உடன் நடப்பதற்கு ஒரு நாயும் போதும்.

சென்னை மெரினாக் கடற்கரையில் வைகறைப் பொழுதில் உலவ வருவோர் பலர். அவருள் ஒருவர், பணியினின்றும் ஓய்வு பெற்ற முதியவர் எனக் கொள்க. தெருவில் தாயை இழந்து கிடந்த குட்டியொன்றை அவர் எடுத்து வளர்த்தார். அது வளர்ந்தபின், அதனையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்காக அங்கு வருகின்றார். கால்கள் மணலில் நடக்கின்றன. உள்ளமோ வேறெங்கோ திரிகின்றது. வெளியூரில் வாழும் மகனிடமிருந்து செய்தி வாராமை, முழங்காலின் வலி, மாத இறுதியின் செலவு ஆகியவற்றையே அவர் எண்ணிக்கொண்டு செல்கின்றார். எதிரே வங்கக் கடல் விரிந்து கிடக்கின்றது, கீழ்வானம் சிவக்கின்றது, அலை எழுந்து வீழ்ந்து நுரைக்கின்றது. அவர் அவற்றைக் காணவில்லை. பழகிய பொருள் கண்ணெதிரே இருந்தும் மறைந்து போதல் மனித இயல்பின் பெருங்குறை அன்றோ?

உடன் வரும் நாய்க்கு அக்குறை இல்லை. மணலில் கால் வைத்த அளவிலேயே அதன் செவிகள் நிமிர்கின்றன, வால் அசைகின்றது, மூக்குக் காற்றைத் துழாவுகின்றது. நேற்றுக் கண்ட கரைதானே என்று அது சலிப்பதில்லை. மனிதன் பெரும்பாலும் கண்ணால் உலகை அறிகின்றான். நாயோ மூக்கால் அறிகின்றது. அதன் மோப்ப ஆற்றல் மனிதனுடையதைவிடப் பன்மடங்கு கூரியது. வலை உலர்த்திய இடம், நண்டு புதிதாகத் தோண்டிய வளை, அலை ஒதுக்கிய சிப்பி, வேறொரு நாய் கடந்து சென்ற தடம் ஆகிய ஒவ்வொன்றும் அதற்குப் புதுச்செய்தி. மனிதனுக்கு ஒரே மணற்பரப்பாகத் தோன்றுவது, அதற்கு நாள்தோறும் புதிதாக எழுதப்படும் ஏடு.

நண்டு வளையொன்றின் அருகே நாய் நின்றுவிடுகின்றது. கயிறு இழுபடவே, முதியவரும் நிற்க வேண்டியதாகின்றது. முதலில் அவருக்குச் சினம் எழுகின்றது. பின்னர், அது எதனை அவ்வளவு கருத்தாக நோக்குகின்றது என்று தாமும் குனிந்து பார்க்கின்றார். வளையின் வாயிலில், உள்ளிருந்து அள்ளி எறியப்பட்ட மணல் விசிறிபோல் பரந்து கிடக்கின்றது. சிறு காம்புகளின் மேல் நிற்கும் இரு கண்கள் உள்ளிருந்து எட்டிப் பார்க்கின்றன. அடுத்த நொடியில் மறைகின்றன. முதியவர் தம்மை அறியாமலே முறுவலிக்கின்றார். அதனால் முழங்காலின் வலி நீங்கிவிடவில்லை. மகனிடமிருந்து செய்தியும் வந்துவிடவில்லை. ஆயினும், அவற்றிற்கு இடையிலும் மகிழ்வதற்கு இடமுண்டு என்பதை அவர் உணர்ந்தார். தலை நிமிர்ந்தபோது, கடலும் கதிரவனும் அவர் கண்ணுக்குப் புலப்பட்டன. நன்றியுணர்வின் தொடக்கம் இதுவே. பெற்றதைக் கண்டவரே அதற்கு நன்றி கொள்ள இயலும். காணாதவர் எதற்காக நன்றி கொள்வர்?

இவ்வாறு மனிதனோடு நடக்கும் தோழமை நாய்க்குப் புதியதன்று. செருமனி நாட்டில் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னும் இடத்தில் 1914 ஆம் ஆண்டில் பழைய புதைகுழி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு நாயின் எலும்புகளும் இருந்தன. அப்புதைகுழி ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. உழவுத்தொழில் தோன்றுவதற்கு முன்பே நாய் மனிதனோடு வாழத் தொடங்கிவிட்டது என்பது இதனால் விளங்கும். தமிழரும் நாயின் அன்பை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நட்பின் இயல்பை ஆராயும் நாலடியார், பாகனையே கொல்லும் யானைக்கும், உரியவனது வேல் தைத்த நிலையிலும் வாலாட்டும் நாய்க்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டுள்ளது. ஜப்பானிய ஆய்வாளர் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இங்கு எண்ணத்தக்கது. தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்ப்பது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு. நாயும் அதனை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கும்போது இருவர் உடலிலும் அது மிகுகின்றது என்பதை அவ்வாய்வு காட்டிற்று. இத்தோழமைக்கு விலையுயர்ந்த அயல்நாட்டு இனம் தேவையில்லை. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்னும் நாட்டு இனங்கள் நம்மிடையே உள்ளன; இனப்பெயர் ஏதும் இல்லாத தெருநாயும் அன்பில் குறைந்ததன்று.

கண் திறந்த ஒருவர் கடற்கரையில் காணத்தக்க கொடைகள் பல. பகலில் நிலம் கடலைவிட விரைந்து சூடேறுகின்றது. நிலத்தின் மேலுள்ள காற்று வெப்பத்தால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலினின்று குளிர்ந்த காற்று வருகின்றது. கோடையில் நகரத்தார் வாயிலில் நின்று எதிர்நோக்கும் கடற்காற்று இதுவே. அதற்குக் கட்டணம் ஏதும் இல்லை. மாளிகையில் வாழ்வோர்க்கும் மரநிழலில் உறங்குவோர்க்கும் அது வேறுபாடின்றி வீசுகின்றது. மணலின்மேல் படரும் அடும்பங்கொடியைப் பார்க்க. ஊதா நிறப் பூக்களைத் தாங்கிய அக்கொடி, காற்றில் பறந்துபோகும் மணலைத் தன் வேரால் பற்றி நிறுத்துகின்றது. கேளாமலே தொண்டு செய்யும் பொருள்கள் உலகில் எத்துணையோ உள்ளன.

காலடியில் கிடக்கும் மணலுக்கும் ஒரு வரலாறு உண்டு. மெரினாவின் நடைபாதையை 1884 ஆம் ஆண்டில் அமைப்பித்து, அதற்கு அப்பெயரையும் இட்டவர், அப்போது சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப். ஆனால், அகன்ற மணற்பரப்பை எவரும் திட்டமிட்டு அமைக்கவில்லை. இக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் கடல் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டு செல்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் எழுப்பப்பட்ட கற்சுவர்கள் அம்மணலின் வழியை மறித்தன. மறிக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து இன்றைய பரந்த கரையாயிற்று. வடக்கிலோ, வரவேண்டிய மணல் வாராமையால் கடல் நிலத்தை அரித்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கரையில் மீனவர் பலர் இன்னலுற்றனர். எஞ்சிய நிலத்தைக் காக்கக் கற்குவியல்கள் இடப்பட்டன. தெற்கே உலவுவோர் பெற்ற பேறு, வடக்கே வாழ்வோர் இழந்த நிலத்தோடு தொடர்புடையது. இதனை அறியாமல் கொள்ளும் மகிழ்ச்சி குழந்தையின் மகிழ்ச்சி; அறிந்து கொள்ளும் நன்றியே அறிவுடையார் நன்றி.

அத்தகைய நன்றி உள்ளத்தில் தோன்றி அங்கேயே அடங்கிவிடுவதன்று, செயலாக வெளிப்படுவது. திருக்குறளில் பதினோராம் அதிகாரம் செய்ந்நன்றி அறிதல்; அதனை அடுத்து நிற்பது நடுவு நிலைமை. நன்றி செய்தாரிடத்தும் நடுவு நிலைமை சிதையலாகாது என்பதற்காகவே அது பின்னர் வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் விளக்குவர். இவ்வொழுங்கு நாயோடு உலவுவார்க்கும் பொருந்தும். தம் நாய் தமக்கு அன்புடையது என்பதால், அது எல்லார்க்கும் இனியது எனக் கருதுதல் நடுவு நிலைமை ஆகாது. நாயைக் கண்டு அஞ்சும் சிறுவரும், தடுமாறி நடக்கும் முதியோரும் கரைக்கு உரியவரே. ஆகவே, நாயைக் கயிற்றில் பிடித்தல் வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுதல் வேண்டும். அதன் கழிவை உடனே அகற்றுதல் வேண்டும். விடியுமுன் வந்து மணலைத் தூய்மை செய்யும் பணியாளர்க்கு அதனைவிடச் சிறந்த நன்றியுரை இல்லை.

வாயில்லா உயிர்களுக்கும் கரையில் உரிமை உண்டு. சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் சென்னைக் கரைக்கு ஏறி வந்து, மணலில் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டுச் செல்கின்றன. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவற்றிற்குக் காப்பளிக்கின்றது. 1988 ஆம் ஆண்டு முதல் மாணவர் குழுவினர் இரவெல்லாம் கரையோரம் நடந்து, முட்டைகளைக் கண்டெடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். கட்டவிழ்ந்து திரியும் நாய் அம்முட்டைகளைத் தோண்டித் தின்றுவிடும். நாயின்மேல் குற்றமில்லை, அதன் மூக்கு அதனை அழைக்கின்றது. கயிற்றைக் கையில் பிடித்திருப்பவரே அதற்குப் பொறுப்பாவார். தமக்கு மகிழ்ச்சி தரும் கரையில் பிற உயிரின் வாழ்வு கெடாமல் நடந்துகொள்ளுதல் அன்றோ உண்மையான நன்றி?

கடலுக்கு நன்றி கொள்ளுதல் பேதைமை எனச் சிலர் கூறலாம். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை எழுந்து தமிழகக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. மெரினாவிலும் உயிர்கள் மாண்டன. அத்தகைய கடலைப் போற்றுவது எவ்வாறு என அவர் வினவலாம். வினா தக்கதே. ஆனால், உலகம் எப்போதும் இனியது என்னும் நம்பிக்கை வேறு, நன்றியுணர்வு வேறு. நாளை உறுதியாகக் கிடைக்கும் என்று எண்ணுகின்ற பொருளை எவரும் அருமையாகக் கருதுவதில்லை. கிடைக்காமலும் போகலாம் என உணர்ந்தவரே, கிடைத்த ஒரு காலைப்பொழுதை இரு கைகளாலும் ஏந்திக்கொள்வர். அவ்விழப்பிற்குப் பின்னும் மீனவர் மீண்டும் படகைக் கடலில் தள்ளினர். கடலின் கொடுமையை அவர் மறந்திலர். அதன் கொடையையும் மறந்திலர்.

நாயின் வாழ்நாளும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. பெரும்பாலான நாய்களின் வாழ்நாள் பத்து முதல் பதின்மூன்று ஆண்டுகளே. முதியவரோடு வரும் நாயின் முகமும் நரைத்துவிட்டது. முன்பு அது அவரை இழுத்துச் சென்றது. இப்போது அவர் அதற்காக மெல்ல நடக்கின்றார். ஒரு நாள் அவர் தனியே வர நேரும். அன்று அவர் கை வெறுமையாக இருக்கும். உள்ளத்தில் துயரம் இருக்கும். ஆயினும், நண்டு வளையைக் கண்டதும் அவர் கால்கள் தாமே நிற்கும். கண்கள் தாமே குனிந்து நோக்கும். நாய் மறைந்தபின்னும் அது கற்பித்த பாடம் மறையாது.

பெருஞ்செல்வம் பெறுதல் எல்லார்க்கும் இயலாது. பெரும்புகழ் எய்துதல் சிலர்க்கே இயலும். காலையில் எழுந்து, அன்புள்ள உயிரொன்றோடு நடந்து, கண் முன் உள்ளவற்றைக் கண்டு மகிழ்தல் பலர்க்கும் இயலும். அம்மகிழ்ச்சியைப் பெறுவோர், அதனைத் தந்த கரைக்கும் கரையில் வாழும் உயிர்கட்கும் தீங்கு செய்யாதிருத்தல் கடமை. காணுதல், மகிழ்தல், காத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே நன்றி. இம்மூன்றையும் கைக்கொண்டவர்க்கு ஒவ்வொரு நாளும் திருநாளாகும்.