காலணாப் பெருமையும் கூலிக் கணக்கும்

செஞ்சியில் நாலு பேர் கூடும் இலக்கியச் சந்திப்பு எதுவாயினும், ஒருவர் எழுந்து "அந்தக் காலத்தில் காலணாவுக்கு..." என்று தொடங்காமல் இருப்பதில்லை. காலணாவுக்கு மடி நிறைய வேர்க்கடலை, ஓரணாவுக்கு வயிறு நிறைய இட்டிலி. நினைவுக் கட்டுரைகளிலும் இதே பட்டியல்தான். இதை நாம் ஏற்பதற்கில்லை. பொய் என்பதால் அன்று. பாதிக் கணக்கு என்பதால்.

இவர்கள் உருகி உருகி எழுதும் ஓட்டைக் காலணாவையே எடுத்துக்கொள்வோம். ரூபாய்க்கு அறுபத்து நான்கு. போர்க்காலத்தில் செம்பை மிச்சப்படுத்த நடுவில் துளையிட்டு 1943இல் வெளிவந்த காசு அது. வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்ட ஆண்டும் அதுவே. அரிசி விலை ஏறிய வேகத்துக்குக் கூலி ஏறாததே அச்சாவுகளுக்குப் பெருங்காரணம் என்று அமர்த்தியா சென் 1981இல் நூலாகவே எழுதினார். காசின் அழகை வருணிப்போர் இப்பக்கத்தைப் புரட்டுவதில்லை.

வங்காளம் தொலைவு என்பீர்களாயின், நம் நாட்டுக்கே வருவோம். 1967இல் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார். சென்னையிலும் கோவையிலும் ஒரு படி அரிசித் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு டிசம்பர் 25 அன்று, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். உழைப்பாளர் அங்கே கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். அரை ரூபாய்க்கும் குறைவான பண்டம்! மலிவு மலிவு என்கிறோமே, அம்மலிவின் பாரத்தை யார் தலையில் ஏற்றியிருந்தோம்?

நிற்க. இன்றைய காலம் பொற்காலம் என்பதும் நம் வாதமன்று. 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் முதற்கட்டத்திலேயே விழுப்புரம் மாவட்டத்துக்கு வந்தபோது நாட்கூலி 80 ரூபாய். நம் பேருந்து நிலையத்தில் தேநீர் 3 ரூபாய். 2025-26இல் கூலி 336, தேநீர் 12. வகுத்துப் பாருங்கள்: அன்று இருபத்தாறு குவளை, பின்னர் இருபத்தெட்டு. இருபது ஆண்டில் விலைவாசி குறித்து நாம் விட்ட பெருமூச்செல்லாம் இவ்விரண்டு குவளைக்குள் அடங்கிவிடுகிறது. தங்கத்தை வகுத்தாலோ கதை வேறு. 2006இல் ஒரு கிராம் 800 ரூபாயை ஒட்டியிருந்தது, பத்து நாட்கூலி. 2025இல் பத்தாயிரத்தைத் தாண்டியபோது ஒரு மாதக் கூலியும் போதவில்லை. மகளுக்குத் தோடு வாங்க வேண்டிய தாய்க்கு இதுவே விலைவாசி. வேர்க்கடலைக்கு ஏங்குவோர் கண்ணில் இது படுவதேயில்லை.

இராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்தைக் காணும் பயணியர் அதன் பருமனை வியந்து படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நிரப்பியவர்க்கு எத்தனை மரக்கால் கிடைத்தது என்று கேட்பாரில்லை. நம் விலைப்பட்டியல் எழுத்தாளர்களும் அப்படித்தான் பார்க்கின்றனர். இனி எழுதும்போது, இட்டிலி விலைக்கு எதிரே, அதே ஆண்டில் நாற்று நட்டவளின் கூலியையும் ஒரு வரி சேர்த்து எழுதட்டும். நாம் மறுப்பெழுதப் போவதில்லை.

சென்ற பருவத்தில் நம் மாணவர்களிடம் வீட்டு மூத்தோரின் முதற்கூலியைக் கேட்டு வரச் சொன்னோம். வேலந்தாங்கல் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி தாளை வெறுமையாக நீட்டினாள். "ஆயாவுக்குக் காசுக் கணக்கு தெரியல ஐயா. கல்யாணம் ஆகி ரொம்ப நாள் கழிச்சுத்தான் கையில காசையே பார்த்தாங்களாம்."