கிரீட் தீவு இருக்கட்டும், திருவக்கரைக்குப் பஸ் இருக்கிறது

நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சுற்றுலா எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்தான் வரும். ஊட்டி, கொடைக்கானல் ஒன்று. இல்லையென்றால் சென்னைப் பக்கம் தண்ணீரில் சறுக்கி விழும் ஏதாவது ஒரு பார்க். கல்லூரிக்குப் போனதும் கனவு கொஞ்சம் பெரிதாகும். கம்ப்யூட்டர் திரையில் கிரீட் தீவின் படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீலக் கடல், வெளிறிய பாறை, நடுவே பிளந்து கிடக்கும் மலை இடுக்கு...

கிரீட் அழகுதான், அதில் சந்தேகமே இல்லை. கிரேக்க நாட்டின் மிகப் பெரிய தீவு அது. அங்கே சமரியா என்ற இடுக்கில் சுமார் 16 கிலோமீட்டர் நடந்தால் பாதை நேராகக் கடலில் கொண்டுபோய் விடும். ஓரிடத்தில் இரண்டு பக்கப் பாறைச் சுவர்களுக்கும் நடுவில் நாலு மீட்டர் இடைவெளிகூட இருக்காது. மாத்தலா என்ற கடற்கரையில் பாறையைக் குடைந்து செய்த பழங்காலக் கல்லறைக் குகைகள் இருக்கின்றன. 1960-களில் ஹிப்பிகள் அவற்றில் குடியிருந்தார்கள். ஸீயஸ் கடவுள் பிறந்ததாகக் கதை சொல்லும் குகையும் அந்தத் தீவில்தான். இடுக்கு, குகை, கடல் என்று மூன்றும் ஒரே பயணத்தில்!

இந்த மூன்றும் நெய்வேலியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டருக்குள் கிடைக்கும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில் விலை போகாது. ஆனால் இது விமான டிக்கெட் காசை மிச்சப்படுத்தும் பேச்சு இல்லை. ஊரே மண்ணைத் தோண்டிச் சோறு சாப்பிடுகிறது. அந்த ஊரின் பிள்ளைகளுக்குத் தங்கள் காலடி மண் எங்கிருந்து வந்தது, எதுவரை போகிறது என்று தெரியாமல் இருப்பது கொஞ்சம் அநியாயம்.

முதலில் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். 1956-ல் நிறுவனம் தொடங்கியது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார், 1961 ஆகஸ்டில் முதல் நிலக்கரி கண்ணில் பட்டது. இதெல்லாம் பொது அறிவுப் போட்டிக்கு மனப்பாடம் செய்த வரிகள். அந்த நிலக்கரியைத் தொடுவதற்கு முன்னால் 45 மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கும் மேல் மண்ணையும் கல்லையும் ராட்சச பக்கெட் வீல் எந்திரங்கள் வாரி எறிந்தனவே, அந்த மண்ணைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்களா?

அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. கடலூர் மணற்கல். நிலவியல் புத்தகங்களில் உலகம் முழுக்க இந்தப் பெயரில்தான் படிக்கிறார்கள். கடலூர் கேப்பர் மலையின் சிவப்பு இந்தக் கல்லின் சிவப்புதான். 1918-ல் பாரதியாரை அடைத்து வைத்த கடலூர்ச் சிறை இருக்கும் அதே ஊர் மலை. புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் பக்கம் பரவிக் கிடக்கும் செம்மேடும் இதே கல். அதற்கும் அப்பால் திருவக்கரையிலும் இதே கல். நெய்வேலியில் எந்திரம் தோண்டியதை ஆரோவில் பக்கம் மழை தோண்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பொம்மையார்பாளையத்துக்கு மேலே அந்த மழை செய்த வேலையைப் பார்க்கலாம். ஆள் உயரத்துக்கும் மேலே சிவப்புச் சுவர்கள், வளைந்து வளைந்து போகும் ஓடைப் பாதை, மேலே முந்திரித் தோப்பு. புகைப்படத்தில் பார்த்தால் ஏதோ வெளிநாட்டுப் பள்ளத்தாக்கு என்றுதான் தோன்றும். பார்க்க அழகு, உண்மையில் அது ஒரு புண். மரத்தை எல்லாம் வெட்டிவிட்ட மேட்டில் மழைத் தண்ணீர் நிற்க இடமில்லாமல் மண்ணை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடிய தடம். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் பொட்டல். வந்தவர்கள் வரப்பு போட்டார்கள், ஓடைகளுக்குக் குறுக்கே சிறு அணை கட்டினார்கள், மரம் வைத்தார்கள். இன்றைக்கு அங்கே காடு இருக்கிறது. ஒரே மண்ணை மனிதன் கெடுத்ததும் திருத்தியதும் ஒரே நடையில் தெரியும். (அந்தச் சுவர்களில் ஏறிக் குதித்து, பெயர் செதுக்கி விளையாடுகிறவர்கள் தயவுசெய்து ஊட்டிக்கே போகலாம்.)

அடுத்து திருவக்கரை. அதிசயம் என்ற வார்த்தையை இந்த ஓர் ஊருக்கு மட்டும் செலவழிக்கலாம்.

வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே கூட்டம் அலைமோதும். கோயிலிலிருந்து நடக்கிற தூரத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் நூற்றில் சிலர் இருப்பார்களா என்பதே சந்தேகம். உள்ளே போனால் சிவப்பு மண்ணில் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. தட்டினால் கல்! சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உயிரோடு இருந்த மரங்கள் என்கிறார்கள். இன்றைய புளியமரத்துக்கு உறவுக்கார மரங்களும் அவற்றில் உண்டாம். கிளையோ இலையோ வேரோ இல்லாமல் வெறும் அடிமரமாகக் கிடப்பதால் அவை அங்கேயே முளைத்தவை அல்ல, பெருவெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று நிலவியலாளர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மணலில் புதைந்த மரத்துக்குள் தண்ணீரில் கரைந்த சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1781-லேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்.

இங்கே நெய்வேலிப் பிள்ளைக்கு ஒரு பொறி தட்ட வேண்டும். பழுப்பு நிலக்கரியும் பழைய காட்டுச் செடியும் மரமும்தானே! சதுப்பில் மூழ்கி, காற்றுப் படாமல் அழுந்தியது நிலக்கரி ஆனது. ஆற்று மணலில் மாட்டிக்கொண்டது கல் ஆனது. ஒன்றை அப்பா ஷிப்டுக்குப் போய் எரிக்கிறார், இன்னொன்று வேலிக்குள் கிடக்கிறது. புவியியல் பாடத்தில் ஒரு வருஷம் நடத்தினாலும் புரியாதது, ஒரு மத்தியானத்தில் கையால் தொட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

ஆனால் பூங்காவைத் தாண்டியதும் காதில் விழுவது கிரஷர் சத்தம். திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள். யாரும் போய்ப் பார்க்காத இடத்துக்கு ஆள் பலம் கிடையாது. ஆள் பலம் இல்லாத பாறை என்றைக்காவது ஜல்லியாகத்தான் போகும்.

குகை விஷயத்திலும் இதே கவலைதான். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று ராஜா அங்கே கல்வெட்டில் பெருமை அடித்துக்கொள்கிறார். அடித்துக்கொள்ள வேண்டியதுதான்! மாமல்லபுரத்துக்குப் பஸ் பஸ்ஸாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கலையின் ஆரம்பப் பாடம் இங்கே இருப்பது தெரியும்? அதிகத் தூரம் போகாமல் தளவானூரில் அவருடைய இன்னொரு குடைவரை. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று. அங்கே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், கூடவே 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவிக்கு ஒரு கல்வெட்டு. இவற்றுக்கெல்லாம் முந்தியது கீழ்வாலை. விழுப்புரம் - திருவண்ணாமலை சாலையோரம் பாறைகளில் செங்காவியில் வரைந்த ஓவியங்கள். சுற்றியுள்ள குன்றுகளை உடைப்பதால் அவை போய்விடும் என்று தொல்லியல் ஆர்வலர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். நெய்வேலியிலிருந்து விழுப்புரம் எவ்வளவு தூரம்? ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட ஆகாது.

கடலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, கடலூர் வெள்ளிக் கடற்கரைக்குப் போகாத குடும்பம் டவுன்ஷிப்பில் இருக்காது. போகிறவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்பாமல், பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் புனித டேவிட் கோட்டையையும் எட்டிப் பார்க்கலாம். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் ஊர்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். நிலம் கையகப்படுத்துவது இந்த மாவட்டத்துக்குப் பழைய வழக்கம் போலிருக்கிறது!

பிச்சாவரத்தை மட்டும் படகு சவாரி என்று முடித்துவிடக் கூடாது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படமெடுத்த இடம் என்று படகுக்காரர்கள் காட்டுவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சாவு குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். மேட்டில் இருந்ததும் கடலைவிட்டுத் தள்ளி இருந்ததும்தான் காரணம், மரம் இல்லை என்று அடுத்த வருஷமே வேறு சிலர் மறுத்தார்கள். இப்படி ஒரு சண்டை பக்கத்து ஊரில் நடந்திருக்கிறது, அறிவியல் மன்றத்துக்கு இதைவிட நல்ல தலைப்பு வேறென்ன வேண்டும்? 2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

கிரீட்டில் இன்னொரு விஷயம் உண்டு. சமரியா இடுக்குக்குள் ஒரு கிராமம் இருந்தது. 1962-ல் அதைத் தேசியப் பூங்காவாக்கியபோது ஊர்க்காரர்களை வெளியே குடியேற்றிவிட்டார்கள். நடந்து போகிற பயணிகள் இன்றைக்கும் அந்தக் காலி வீடுகளைத் தாண்டித்தான் போகிறார்கள். அங்கே ஊர் இருந்தது என்பதற்குச் சுவராவது சாட்சி. நெய்வேலிச் சுரங்கம் விழுங்கிய கிராமங்களுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. வீடு இருந்த இடம் காற்றாகிவிட்டது, பிறகு வேறு மண் கொட்டி மேடாகிவிட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் வாய்க்கால் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெல்லில் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்து டவுன்ஷிப்பில் பலர் சங்கடப்பட்டார்கள். அந்தக் கிராமம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையே சிலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆகவே பள்ளிகள் வருஷத்துக்கு ஒரு பஸ்ஸைத் திசை மாற்றினால் போதும். மழை ஓய்ந்த தை மாதம் சரியான நேரம். முதல் நாள் அனுமதி வாங்கிச் சுரங்கத்தின் விளிம்பில் நின்று சுவரின் அடுக்குகளைப் பார்ப்பது, அப்படியே வளையமாதேவிப் பக்கம் ஒரு சுற்று. அடுத்த சனிக்கிழமை பொம்மையார்பாளையமும் திருவக்கரையும். இன்னொரு நாள் மண்டகப்பட்டு, கீழ்வாலை. விளக்கிச் சொல்ல ஆள் தேடி அலைய வேண்டியதும் இல்லை. நிலவியல் படித்து, இந்தக் கல்லிலேயே வேலை செய்தவர்கள் டவுன்ஷிப்பில் ஒவ்வொரு வட்டத்திலும் நாலு பேராவது குடியிருப்பார்கள். பலர் ஓய்வு பெற்று, காலையில் வாக்கிங் போய்விட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் தண்ணீர் பாட்டிலோடு முதல் ஆளாகப் பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.