எஞ்சிய கழலையும் கதிர்மருத்துவமும்

"பாதியை அறுத்துப் பாதியை விட்டுவிட்டாராமே! பின் அறுத்தது எதற்கு?" ஆசிரியப் பணி பூண்ட எம் உறவினராகிய அம்மையார் ஒருவர் மூளைக் கழலைக்கு அறுவை செய்யப்பெற்று வீடு திரும்பிய நாளில், அவரைக் காண வந்தோர் பலர் வாயினின்றும் எழுந்த சொல் இதுவே. கழலை தீங்கற்றது என்றும், எஞ்சிய பகுதிக்குக் கதிர்மருத்துவம் வேண்டும் என்றும் மருத்துவர் உரைத்தபோது, "கரண்டு வைப்பது புற்றுநோய்க்கன்றோ? நம்மிடம் எதையோ மறைக்கின்றனர்" என வீட்டார் கலங்கினர். அம்மையாரோ ஒன்றும் பேசாது சுவரை நோக்கியிருந்தார். அக்கலக்கம் தெளிவின்மையால் விளைந்தது என்று கண்டமையின், இப்பொருள் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

முதலில் 'தீங்கற்றது' என்னும் சொல்லை ஆராய்வோம். பிற உறுப்புகளுக்குப் பரவாது, பெரும்பாலும் மெல்ல வளரும் என்பதன்றித் துன்பமே தராது என்பது அதன் பொருளன்று. மண்டையோடு என்பு வேய்ந்த பேழை. அதனுள் வளர்வது எதுவாயினும் மூளையை நெருக்கியே வளர்தல் வேண்டும். மூளையுறையினின்று எழும் கழலைக்கு 1922ஆம் ஆண்டில் 'மெனிஞ்சியோமா' எனப் பெயரிட்டவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். அவர் 1910ஆம் ஆண்டில் படைத்தலைவர் லியனார்டு வுட் என்பாரது தலையினின்று இத்தகைய கழலை ஒன்றை நீக்கினார். வுட் நலமுற்றுப் பெரும்பதவிகள் வகித்தார். ஆயினும் கழலை மீண்டும் வளர்ந்தது. 1927ஆம் ஆண்டில் குஷிங் மறுமுறை அறுவை செய்தும் அவர் உயிர் நீத்தார். தீங்கற்ற கழலையும் பதினேழு ஆண்டு காத்திருந்து மீளும் என்பதற்கு இஃதொரு சான்று.

அங்ஙனமாயின், முற்றும் களைந்துவிடுதலே முறையன்றோ எனின், இயலுமிடத்து அதுவே முறை. 1957ஆம் ஆண்டில் டொனால்டு சிம்சன் என்னும் மருத்துவர், மூளையுறைக் கழலையை அது பற்றிய உறையோடு முற்றும் நீக்கியவருள் நூற்றுக்கு 9 பேருக்கும், ஒரு பகுதியே நீக்கப்பெற்றவருள் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேருக்கும் அது மீண்டமை கண்டு வெளியிட்டார். ஆயின் மூளையின் அடித்தளத்திலே கண்ணரம்பையும் பெருந்தமனியையும் தழுவிக் கிடக்கும் கழலையை முற்றும் பறிப்பின், கழலையோடு பார்வையும் போம். சிலவேளை உயிரும் போம். ஆண்டுக் கத்தியை நிறுத்துவோனே கைதேர்ந்தவன். குறைத்து நிறுத்தல் தோல்வியன்று. எஞ்சியதை மறத்தலே தோல்வி.

அவ்வெச்சத்தை அடக்குதற்கு அமைந்ததே கதிர்மருத்துவம். கதிர், கழலையின் உயிரணுக்கள் பிளவுற்றுப் பெருகும் ஆற்றலைக் கெடுக்கின்றது. நாடொறும் 1.8 கிரே என்னும் சிற்றளவாய், வாரத்துக்கு ஐந்து நாள், 28 அல்லது 30 முறை தருதல் ஒரு வகை. தலை அசையாதிருக்க முகத்துக்கு அளவாக முகமூடி செய்தணிவிப்பர். நலமான இழையங்கள் இடையிடையே தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும் பொருட்டே இப்பகுப்பு. மற்றொரு வகையை, சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1951ஆம் ஆண்டில் வகுத்துரைத்தார்: பல திசையினின்றும் வரும் மெல்லிய கதிர்களை ஒரு புள்ளியிற் குவித்து ஒரே அமர்வில் முடித்தல். சிறியதாய்க் கண்ணரம்பினின்று சற்றே விலகி நிற்கும் எச்சத்துக்கு இது பொருந்தும். இவ்விரண்டாலும் பெரும்பாலோர்க்கு வளர்ச்சி பல்லாண்டு நின்றுவிடுகின்றது. ஆனால் கழலை மறைந்துபோம் என எதிர்பார்த்தல் கூடாது. வளராது நிற்றலே இதன் பயன்.

நிற்க. கதிர் குற்றமற்றதெனக் கூறுவேம் அல்லேம். சோர்வும் ஆங்காங்கு மயிருதிர்தலும் உடன் தோன்றுவன. சுரப்பிகளின் தளர்ச்சியும் நினைவின் மங்கலும் சிலர்க்குப் பின்னர்த் தோன்றுவன. முற்காலத்தே இஸ்ரேலில் தலைப்படர்நோய்க்குக் கதிர் பெற்ற சிறுவர் பலர்க்குப் பின்னாளில் மூளைக் கழலை மிகுதியாகத் தோன்றியமையை 1974ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு புலப்படுத்திற்று. ஆகலின் எச்சமுள்ளார் அனைவர்க்கும் உடனே கதிர் என்பதும் பொருந்தாது. எச்சம் சிறிதாயும், முதுமை மிகுந்தும், துன்பம் இன்றியும் இருப்பின், காலந்தோறும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் காத்திருத்தலும் நன்றே. வளர்கின்றதாயின், அல்லது இன்னும் சிறிது வளரினும் கண்ணுக்குக் கேடாம் என்னும் இடத்ததாயின், காலந்தாழ்த்தல் தகாது. அச்சத்தால் மறுத்தலும் அவசரத்தால் ஏற்றலும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

எமது கருத்து இதுவே: எவ்வளவு எடுக்கப்பட்டது, எவ்வளவு எஞ்சியது, ஏன் எஞ்சியது, இனி என் செய்வது என்னும் நான்கையும் நோயாளிக்கு அவர் மொழியிலேயே விளங்க உரைத்தல் மருத்துவத்தின் பகுதியேயன்றி அதற்குப் புறம்பான இரக்கச் செயலன்று. உரையாராயின் கேட்டறிதல் நம் கடன். திருக்குறள் மருந்து அதிகாரத்தில், அருகிருந்து துணைசெய்வோனையும் மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். "பாதியை விட்டாராமே" என்று படுக்கையருகே நின்று பெருமூச்செறிவோர் அப்பகுதியை ஆற்றியோர் ஆவரோ?

அம்மையார் பின்னொரு நாள் தாமே மருத்துவரை வினவித் தெளிந்து, முப்பது முறையும் சென்று கதிர் பெற்றார். இன்று மீண்டும் கரும்பலகைமுன் நிற்கின்றார். ஆண்டுதோறும் படம் எடுத்து வருகின்றார். கழலை மறைந்திலது, வளர்ந்துமிலது. அதனை ஒரு குறையெனக் கருதாது, அதனோடு வாழக் கற்றுக்கொண்டார் அவர். உடனிருப்போரும் அதனைக் கற்றல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.