கத்தியின் கூர்மையும் அலகின் வடிவமும்

மறையூர்ப் பள்ளத்தாக்கில் கரும்பும், அடுத்துள்ள காந்தளூர் மலைச்சரிவில் ஆப்பிள், பிளம் முதலிய பழமரங்களும் பயிராகின்றன. 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது மறையூர் வெல்லம். அதற்குரிய கரும்பை வெட்டுவதற்கு வேண்டுவது கனத்த வெட்டுக்கத்தி. பழமரத்தில் ஒட்டுக் கட்டுவதற்கு வேண்டுவது சிறிய மடக்குக் கத்தி. இரண்டும் எஃகினால் ஆனவையே, இரண்டும் கூரியவையே. எனினும் ஒன்றின் வேலையை மற்றொன்று செவ்வனே செய்யாது. இதற்கு எடையும் நீளமும் மட்டும் காரணமல்ல. அலகைச் சாணை பிடித்த வடிவமும் காரணமாகும்.

கத்தி என்பது ஓர் ஆப்பேயாம். விளிம்பு பொருளைப் பிளந்த பின்னர், அதனைத் தொடரும் அலகு பொருளை இருபுறமும் விலக்கிக்கொண்டு செல்ல வேண்டும். விளிம்பின் கோணம் 20 பாகையாயின், விளிம்பிலிருந்து 1 மில்லிமீட்டர் உள்ளே அலகின் கனம் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர், 40 பாகையாயின் 0.73 மில்லிமீட்டர். கனம் மிகுந்தால் வெட்டுவதற்கு வேண்டிய விசையும் மிகும். குறைந்தால் விளிம்பின் வலிமை குறையும். இரண்டையும் ஒருங்கே பெறுதல் இயலாது.

பக்கங்கள் குழிவாகத் தேய்க்கப்பட்ட அலகு, சவரக்கத்தியைப் போல, மெல்லச் சீவுவதற்கு ஏற்றது. ஆனால் ஆழ வெட்டுங்கால் முதுகுப்புறம் விரைந்து பருப்பதால் சிக்கிக்கொள்ளும்; கடினமான கணுவில் பட்டால் விளிம்பு மடியும். புடைத்த பக்கங்களையுடைய அலகு அடியைத் தாங்கும். ஆதலின் கோடரிக்கு உகந்தது. தட்டையாகச் சரிந்த அலகு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பொதுப் பயனுக்குரிய மடக்குக் கத்திக்கு அதுவே பொருந்தும்.

ஒட்டுக்கத்தியின் நிலை வேறு. அது பெரும்பாலும் ஒருபக்கம் மட்டுமே சரிவாகவும், மறுபக்கம் தட்டையாகவும் அமைந்திருக்கும். தட்டையான பக்கம் குச்சியின்மீது படிந்து செல்வதால் வெட்டுமுகம் சமதளமாகிறது. வேர்ச்செடியின் வளர்திசுவும் ஒட்டுக்குச்சியின் வளர்திசுவும் இடைவெளியின்றிப் பொருந்தினால்தான் ஒட்டுப் பிடிக்கும். இக்கத்தியை அறியாமையால் இருபுறமும் தீட்டிவிட்டால், கூர்மை குறையாது. ஆயினும் வெட்டுமுகம் வளையும், ஒட்டுத் தவறும். இழப்பு உழவருக்கு, பழியோ பெரும்பாலும் செடிமீதோ பருவத்தின்மீதோ விழுகிறது. இடக்கையாளருக்குச் சரிவு எதிர்ப்பக்கத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் மறக்கப்படுகிறது.

எல்லா வேலைக்கும் ஒரே கத்தி போதும், செலவும் குறையும் என்று சிலர் கருதுவர். தவறிய ஒட்டுகளையும் வீணான ஒரு பருவத்தையும் கணக்கிட்டால் அச்சிக்கனம் சிக்கனமாகாது. ஆகவே, கருவிகள் வாங்கக் கோரும்போது நீளத்தையும் எஃகின் வகையையும் மட்டுமன்றி, சாணையின் வடிவத்தையும் குறித்தல் நன்று. களப்பணியாளர் ஒட்டுக் கட்டும் பயிற்சியோடு தீட்டும் முறையையும் கற்பித்தல் வேண்டும். சுழலும் சாணைச் சக்கரத்தில் விளிம்பு நீலநிறம் அடைந்தால் சூடு ஏறத்தாழ 300 பாகை சென்டிகிரேடை எட்டியிருக்கும். சாதாரணக் கத்தி எஃகு அவ்விடத்தில் தன் கடினத்தை இழந்துவிடும் என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மெல்லிய அலகும் தடித்த அலகும் கொண்ட இரு கத்திகளை நன்கு தீட்டி, ஒரே உருளைக்கிழங்கை இரண்டாலும் மாணவர் காண அறுத்துக் காட்டலாம். ஆப்பைப் பற்றிய பாடம் அப்பொழுது ஏட்டிலிருந்து கைக்கு வரும்.