கடல் கடந்த கண்ணீர்

அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சனாதிபதித் தேர்தல் வரும்போதெல்லாம் இங்கிலாந்தில் ஒருவகை எழுத்துத் தோன்றி வருவதை நாம் காண்கிறோம். அதனை எழுதுபவர் படித்தவர்; பண்பாளர்; போரை வெறுப்பவர். அமெரிக்க வாக்காளர் தகாத ஒருவரைத் தெரிவு செய்துவிட்டனர் என்று அறிந்த காலையில் தாம் அடைந்த அதிர்ச்சியையும், உணவிற் செல்லாத மனத்தையும், உலகம் எங்கே போகின்றது என்ற ஏக்கத்தையும் அவர் விரிவாக எடுத்துரைப்பார். அந்த உணர்ச்சி பொய்யென்று நாம் கூறவில்லை. ஆனால் உணர்ச்சி மாத்திரம் அரசியல் ஆகிவிடாது என்பதே நமது வாதம்.

ஆங்கிலேயர் அமெரிக்காவை நோக்கி எழுதுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1842இல் அங்கு சென்ற சாள்ஸ் டிக்கின்ஸ், தமது பயண நூலில் அடிமை முறையை நேர்நின்று கண்டித்தார். ஜேம்ஸ் பிரைஸ் 1888இல் வெளியிட்ட பெருநூலில், கட்சிகளின் இயந்திரம் எவ்வாறு இயங்குகின்றது, நகராட்சிகள் எவர் கையிற் சிக்கியுள்ளன என்பவற்றை ஆராய்ந்தார். அவர்களுடைய முடிபுகள் யாவற்றையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. எனினும் அவர்கள் நோக்கிய பொருள் அமெரிக்கா. இன்றைய நோக்கர் பலர் நோக்கும் பொருளோ தமது சொந்த நெஞ்சமே.

இதற்கு நாம் காட்டக்கூடிய சான்று ஒன்று உண்டு. 2004 ஒக்டோபரில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகை ஒரு முயற்சியைத் தொடங்கிற்று. ஒஹியோ மாநிலத்துக் கிளாக் மாவட்டத்தின் வாக்காளர் இடாப்பை 25 டொலருக்கு வாங்கி, அங்குள்ள வாக்காளர்களின் முகவரிகளைத் தன் வாசகர்களுக்கு வழங்கியது. புஷ்ஷுக்கு வாக்களிப்பதன் தீமையை அம்மக்களுக்குக் கடிதமூலம் எடுத்துரைக்கலாம் என்பது ஏற்பாடு. 14,000 பேர் வரை முன்வந்தனர். நாவலாசிரியர் ஜோன் லெ கரே, விஞ்ஞானி றிச்சட் டோக்கின்ஸ் ஆகியோரும் எழுதினர்.

விளைந்தது யாது? கடல் கடந்து வந்த அறிவுரைக்கு அமெரிக்கரிடமிருந்து சினமிக்க மறுமொழிகள் குவிந்தன. பத்திரிகை முயற்சியை முடித்துக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் அல் கோருக்கு 324 வாக்குகள் அதிகமாக அளித்த அம்மாவட்டம், 2004இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் புஷ்ஷின் பக்கம் சாய்ந்தது. கடிதங்களே இதற்குக் காரணம் என்று கூறுவது அவற்றுக்கு மிகையான பெருமை அளிப்பதாகும். அவற்றின் தோல்வியை நாம் பெரிதாகக் கருதவில்லை. அவை எந்த முகவரிக்குச் சென்றன என்பதையே கேட்கிறோம்.

ஈராக் மீதான போர் புஷ்ஷின் போர் மாத்திரமா? 2003 மார்ச் 18ஆம் திகதி அப்போருக்கு ஆதரவாக 412 வாக்குகள் விழுந்தது ஒஹியோவில் அன்று, லண்டன் பாராளுமன்றத்தில். எதிர்த்தோர் 149 பேரே. பிரித்தானியா 40,000க்கு மேற்பட்ட படையினரை அனுப்பியது. அமெரிக்கக் குண்டு விமானங்கள் ஈராக்கை நோக்கிப் புறப்பட்ட தளங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலுள்ள ஃபெயார்ஃபோர்ட். முகம் தெரியாத ஒஹியோ வாக்காளனை அறிவுறுத்துவதற்கு முன், தம் வீட்டுக் கூரைமேலாகப் பறந்த விமானங்களுக்குப் பொறுப்பானவர் எவர் என்று கேட்பதன்றோ முறை?

இவ்விடத்தில் நீதி வழுவாது ஒன்றைக் கூறவேண்டும். அப்படிக் கேட்ட ஆங்கிலேயரும் இருந்தனர். 2003 பெப்ரவரி 15ஆம் திகதி லண்டன் வீதிகளில் இலட்சக்கணக்கானோர் போருக்கெதிராக அணிவகுத்தனர். தொழிற் கட்சியின் அமைச்சர் றொபின் குக் பதவி துறந்தார். அது அரசியல்; ஏனெனில் அது தன் சொந்த அரசைத் தட்டிக் கேட்டது. ஆயினும் 2005 மே மாதத்தில், அளிக்கப்பட்ட வாக்குகளில் நூற்றுக்கு 35ஐப் பெற்ற அதே அரசு மீண்டும் பதவியேறியது. ஊர்வலம் சென்ற மக்களின் கோபத்தை ஒரு சக்தியாகத் திரட்டும் பணி, கடிதம் எழுதும் பணியைவிடக் கடினமானது. அக்கடினத்திலிருந்து தப்பிச் செல்லும் இனிய வழியாகவே பிறநாட்டுத் தேர்தல் அமைந்துவிடுகின்றது.

அமெரிக்கத் தேர்தல் முறையை இந்நோக்கர் எள்ளி நகையாடுவதையும் காண்கிறோம். 2000இல் கோரும் 2016இல் ஹிலரி கிளின்ரனும் நாடளாவிய வாக்குகளில் முன்னின்றும் தோற்றனர் என்பது உண்மை. அம்முறை மக்களாட்சிக்கு இழுக்கு என்பதும் உண்மை. ஆனால் 2024 யூலையில் பிரித்தானியத் தொழிற் கட்சி நூற்றுக்கு 34 வாக்குகளைக்கொண்டு 650 ஆசனங்களில் 411ஐக் கைப்பற்றியதே, அது எந்தக் கணிதம்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் முதியோர் வாக்கு.

"அமெரிக்கத் தேர்தலின் விளைவு உலகம் முழுவதையும் தாக்குகின்றது, ஆகவே உலகோர் கவலைகொள்வது நியாயமே" என்று சிலர் கூறலாம். நாமும் ஒப்புகிறோம். வாஷிங்டனில் இடப்படும் கையொப்பம் தொலைதூரக் கிராமத்திற் குண்டாக விழுகின்றது. ஆனால் அக்கையொப்பத்துக்கு வலுவூட்டுபவை யாவை? நட்பு நாடுகள் வழங்கும் தளங்களும், படைகளும், பாராளுமன்ற வாக்குகளுமே. அவற்றின்மீது பிரித்தானியக் குடிமகனுக்கு உரிமை உண்டு. ஒஹியோவின் வாக்குச்சீட்டின் மீது இல்லை. உரிமையுள்ள இடத்தில் மௌனமாயிருந்து, உரிமையற்ற இடத்திற் கண்ணீர் வடிப்பது மனச்சாட்சியின் குரலன்று. மனச்சாட்சியை உறங்கவைக்கும் தாலாட்டு.

இந்நோய் ஆங்கிலேயர்க்கு மாத்திரம் உரியதெனக் கருதிவிடலாகாது. லண்டனிலிருந்து வந்த பத்திரிகைகளையும் வானொலியையுங் கொண்டு உலகத்தைப் பார்க்கப் பழகிய நம்மிடமும் அது தொற்றியுள்ளது. 2024 நவம்பர் 5ஆம் திகதி அமெரிக்கத் தேர்தல் நடந்தபோது, ஆசிரியர் ஓய்வறையில் நாம் பென்சில்வேனியாவின் வாக்குக் கணக்கை விரல்நுனியில் வைத்திருந்தோம். ஒன்பது நாள் கழித்து நமது நாட்டிலேயே பாராளுமன்றத் தேர்தல். நம் தொகுதி வேட்பாளர் கல்வியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் என்ன சொன்னார் என்று ஒரு மாணவன் கேட்டபோது, நம்முட் பலர் விடையின்றி விழித்தோம். அம்மாணவன் முன் நாம் அடைந்த வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

உலகச் செய்தியைப் படிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் ஆழமாகப் படிக்கவேண்டும் என்கிறோம். செய்தி முடிந்ததும் "நான் எவ்வளவு வேதனையடைந்தேன்" என்று கேட்பதை விடுத்து, "இதில் என் நாட்டு அரசின் பங்கு என்ன? அதனை மாற்ற எவரோடு சேர்ந்து நான் என்ன செய்யக்கூடும்?" என்று கேட்கப் பழகுவோம். நம் மாணவர்க்கும் அக்கேள்வியையே கற்பிப்போம்.